பெயர் சொல்லாத ஒற்றை வரி

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. அங்கே இருப்பதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. தண்ணீர் வாரிய அலுவலகத்தில் வாசல் காவலாளி முதல் மேலாளர் வரை எல்லாருக்கும் அவர் ஒற்றைவரி. முகத்துக்கு நேரே சார், முதுகைத் திருப்பினால் ஒற்றைவரி. இது அவருக்கும் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொண்டதில்லை. ஐம்பத்தேழு வயதில் எதைத்தான் அவர் காட்டிக்கொண்டார்?

பெயர் வந்த கதை சின்னது. வாரியத்தின் ஒரு கணினியில் மட்டும் ஒரு விசித்திரமான நிரல்மொழி ஓடுகிறது. அதில் எண்களை ஒவ்வொன்றாகத் தொட வேண்டியதில்லை. ஒரு முழு அட்டவணையையே ஒற்றை எண்ணைப் போலத் தூக்கிக் கூட்டலாம், திருப்பலாம், வெட்டலாம். ஆயிரக்கணக்கான வீட்டு மீட்டர்கள் மணிக்கொரு தரம் அனுப்பும் எண்களை மேய்க்க இதைவிடத் தோதானது இல்லை. வீட்டுக்கு ஒரு வரிசை, மணிக்கு ஒரு கட்டம், அவ்வளவுதான்.

இந்த மொழியில் ஒரு செயற்கூறை, அதாவது கணினிக்குச் சொல்லித்தரும் ஒரு வேலையை, இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று, சொல்லி எழுதுவது. உள்ளே வருகிற அட்டவணைக்கு இன்ன பெயர், முதலில் அதை இப்படிச் செய், வந்ததை அப்படிச் செய் என்று படிப்படியாகப் போகும். இதை வெளிப்படை வரையறை என்பார்கள். இன்னொன்று, சொல்லாமல் எழுதுவது. உள்ளே வருவது எது என்ற பேச்சையே எடுக்காமல் செயல்களை மட்டும் ஒன்றோடொன்று கோத்துவிடுவது. எண்ணு, ஒப்பிடு, பொறுக்கு. எதை என்று கேட்கக் கூடாது, வருகிறதை. இது உள்ளுறை வரையறை. சொல்லி எழுதினால் பதினைந்து வரி பிடிப்பது சொல்லாமல் எழுதினால் ஒரே வரியில் அடங்கும். நம் ஆள் இரண்டாவது கட்சி. தலைகீழாக நின்றாலும் கட்சி மாற மாட்டார்.

ஒருமுறை மேலாளர் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, “இதுல வீடு எங்கே சார் இருக்கு?” என்று கேட்டார்.

“வீடு இல்ல சார். வீடு வரும்” என்றார் ஒற்றைவரி. அன்றைக்கு அவர் பேசியது மொத்தமே அவ்வளவுதான் என்று அலுவலகத்தில் இன்றும் சொல்வார்கள். கொஞ்சம் மிகைதான், ஆனால் ரொம்ப மிகை இல்லை.

அவருடைய புகழ்பெற்ற வரி தனியாக வாழ்பவர்களுக்கானது. ஐம்பது வயது தாண்டி வீட்டில் ஒண்டியாக இருப்பவர்கள் விருப்பப்பட்டால் வாரியத்தில் ஒரு படிவம் கொடுக்கலாம், கூடவே ஒரு மாற்றுச் சாவியும். அந்த வீட்டில் தொடர்ந்து இத்தனை மணி நேரம் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஓடவில்லை என்றால் வீட்டு எண் பட்டியலில் வரும். பட்டியலோடு ஓர் அம்மா போய்க் கதவைத் தட்டுவார். பெரும்பாலும், “ஊருக்குப் போயிருந்தேன், சொல்ல மறந்துட்டேன்” என்று முடியும். சில சமயம் அப்படி முடியாது. பதினைந்து ஆண்டாகக் கதவு தட்டும் அந்த அம்மாவுக்குக் கதவம்மா என்றே பெயராகிவிட்டது.

ஊழியர்களில் ஒண்டியாக இருப்பவர்களுக்கும் அந்தப் படிவம் தரப்பட்டது. ஒற்றைவரி அதை வாங்கி மேஜை இழுப்பறையில் கத்தரிக்கோலுக்கு அடியில் வைத்தார். வைத்து மூன்று ஆண்டாகிறது.

அவர் வீடு மூன்றாம் மாடியில் இரண்டு அறை. கல்யாணம் அவருக்குக் கூடி வரவில்லை, அவரும் அதைத் துரத்திக்கொண்டு போகவில்லை. அம்மா இருந்தவரை வீட்டில் ஒரு பேச்சுக் குரல் இருந்தது. அம்மா போனபின் குளிர்பதனப் பெட்டி மட்டும் அவ்வப்போது முனகும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வாயைத் திறப்பது பல் துலக்கவும் சாப்பிடவும்தான். திங்கள் காலை காவலாளியிடம் வணக்கம் சொல்லும்போது தொண்டை கட்டியிருக்கும்.

ஓர் அக்கா உண்டு. அவரைவிட ஆறு வயது மூத்தவள், தையல் தொழிற்சாலையில் துணி வெட்டும் பிரிவில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. அம்மாவின் கடைசி நாட்களில் அக்கா வேறு ஊரில் இருந்தாள். டாக்டர் இவரைத் தனியாக அழைத்து, பத்து நாளைக்கு மேல் தாங்காது என்றார். இவர் அக்காவுக்கு அனுப்பிய செய்தி இதுதான்: “அம்மாவுக்கு உடம்பு சுமார். நேரம் கிடைத்தால் வா.” அக்கா நேரத்தைக் கிடைக்கச் செய்துகொண்டு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து இரண்டு நாளாகியிருந்தது.

“பத்து நாள்னு டாக்டர் சொன்னதை நீ ஏன்டா சொல்லல?”

“புரிஞ்சுக்குவேன்னு நெனச்சேன்க்கா.”

“இனிமே என் முகத்துல முழிக்காதே” என்றாள் அக்கா. ஆறு வருஷத்துக்கு முன்னால். அவர் முழிக்கவில்லை. கீழ்ப்படிவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

மூன்று ஆண்டுக்கு முன் ஒரு காலை, திட்டத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களின் பெயர்கள் அட்டவணையில் ஏற்ற வந்தன. பெயர், முகவரி, மீட்டர் எண் மட்டும். படிவங்கள் கதவம்மாவின் கோப்பில் இருக்கும். வீட்டு எண் 2117க்கு எதிரே அக்காவின் பெயர் இருந்தது. அவர் குடியிருக்கும் அதே நகரத்தில், நாலு பேருந்து நிறுத்தம் தள்ளி. ஏன் இந்த ஊருக்கு வந்தாள் என்று ஒரு நிமிடம் யோசித்தார். வாடகை குறைவாக இருந்திருக்கும் என்று தீர்மானித்துக்கொண்டார். இந்த மாதிரி விஷயங்களில் அவர் மூளை படு மந்தம்.

அன்று முதல் தினமும் காலையில் வந்ததும் அந்த வரிசையைத்தான் பார்ப்பார். ஆறு மணிக் கட்டத்தில் ஒன்பது லிட்டர். அக்கா எழுந்துவிட்டாள். எட்டில் இருபது, குளித்துவிட்டாள். ஞாயிறு பதினொன்றில் அறுபது, துணி துவைக்கிறாள். ஒரு மழை வாரத்தில் துவைக்கவே இல்லை. இவருக்கு வேலை ஓடவில்லை. அக்காவோடு அவர் இரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியது இப்படித்தான். சிரிக்க வேண்டாம். சிலருக்கு இவ்வளவுதான் வாய்க்கிறது.

போன வருஷம் அதற்கும் ஆப்பு வந்தது. யார் எப்போது குளிக்கிறார்கள் என்று அலுவலகத்தில் பார்க்கிறார்களாமே என்று யாரோ புகார் எழுத, மேலாளர் வரிசைகளைப் பூட்டிவிட்டார். நிரல் மட்டும்தான் படிக்கலாம். மனிதர்களுக்குக் காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு என மூன்று வேளைப் பட்டியல் மட்டும். அதன்பின் ஒற்றைவரிக்கு ஒரே ஆறுதல், பட்டியலில் 2117 இல்லாதிருப்பது. எண் இல்லை என்றால் அக்கா இருக்கிறாள்.

பட்டியலுக்கான எல்லை இருபத்து நான்கு மணி நேரமாக இருந்தது. ஒருவர் விழுந்து கிடந்தால் ஒரு நாள் முழுக்கக் காத்திருப்பது அதிகம் என்று ஒரு கூட்டத்தில் முடிவாகி, அதைப் பன்னிரண்டாக்கச் சொன்னார்கள். படிவம் கொடுத்த எல்லா வீட்டுக்கும் அறிவிப்புத் தாளும் போயிற்று. ஒற்றைவரி உட்கார்ந்தார், எல்லை என்ற பெயருக்கு எதிரே பன்னிரண்டு என்று அடித்தார், சேமித்தார், எழுந்தார். அரை நிமிட வேலை.

பத்து நாள் கழித்து, ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்குக் கதவம்மா அவர் மேஜைக்கு எதிரே வந்து நின்றார்.

“சார், ஒரு சந்தேகம்.”

“சொல்லுங்கம்மா.”

“இருபத்து நாலைப் பன்னெண்டு ஆக்கியாச்சுன்னு பெரிய சார் சொன்னாரு. இனிமே கால் தேய நடக்கணும்னு புதுச் செருப்பெல்லாம் வாங்கிட்டேன். பத்து நாளாச்சு. அதே நாலு வீடு, அஞ்சு வீடுதான் வருது. செருப்பு இன்னும் கடிக்குது.”

ஒற்றைவரி லேசாகச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. கணினியில் எல்லை என்று அடித்துப் பார்த்தார். பன்னிரண்டு என்றது. சரிதானே. பிறகு தன் வரியின் பெயரை அடித்து, அதற்குள் என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்தார். எண்ணு, ஒப்பிடு, பொறுக்கு எல்லாம் இருந்தன. நடுவில், எல்லை என்று அவர் எழுதிய இடத்தில், அந்தச் சொல் இல்லை. 24 என்ற எண் உட்கார்ந்திருந்தது.

சொல்லி எழுதிய செயற்கூறு ஒவ்வொரு தரம் ஓடும்போதும், எல்லை இப்போது எவ்வளவு என்று போய்ப் பார்க்கும். சொல்லாமல் எழுதியது பார்க்காது. எழுதிய நிமிடத்தில் அந்தப் பெயருக்கு என்ன மதிப்போ அதை எடுத்து உள்ளே வைத்துப் பூட்டிக்கொள்ளும். அப்புறம் வெளியே என்ன மாறினாலும் அதன் காதில் ஏறாது. எண்ணை மாற்றினால் வரியையும் மறுபடி ஒருமுறை எழுத வேண்டும். இந்த மொழிக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. இதைச் செய்துவிடாதீர்கள் என்று இவரே இரண்டு பேருக்குப் புத்தி சொல்லியிருக்கிறார்.

“என்ன சார், முகமெல்லாம் ஒரு மாதிரி ஆகுது?”

அவர் வரியை மறுபடி எழுதி ஓட்டினார். ஐந்தாக இருந்த பட்டியல் பதினாறாக நீண்டது. ஏழாவது எண் 2117.

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்த சத்தத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கதவம்மா கோப்பைத் திறந்து 2117க்குத் தொலைபேசி போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மீதிப் பத்து வீடுகளுக்கும் ஆள் அனுப்பச் சொல்லி மேலாளரிடம் ஒற்றைவரி ஏதோ உளறினார். “நான் எழுதினதுல தப்பு சார்” என்ற அளவு மட்டும் மேலாளருக்குப் புரிந்தது. வாரியத்தின் ஜீப்பில் கதவம்மாவோடு அவரும் ஏறிக்கொண்டார்.

“நீங்க எதுக்கு சார்?”

“எங்கக்கா.”

கதவம்மா மடியிலிருந்த கோப்பில் ஒரு தாளைப் புரட்டி அவர் பக்கம் திருப்பினார். “இது உங்களைத்தானா? நான் யாரோன்னு நெனச்சேன்.”

படிவத்தின் அடியில், அவசரத்துக்குத் தெரிவிக்க வேண்டியவர் என்ற கட்டத்தில், அக்காவின் சாய்ந்த கையெழுத்து. தம்பி, என்று மட்டும். தொலைபேசி எண் கேட்ட கட்டத்தில்: வேண்டாம், அவனுக்கே தெரியும்.

நாலு நிறுத்தம்தான். மூன்று வருஷமாக நாலே நிறுத்தம்தான். ஜீப் ஒவ்வொரு சிக்னலிலும் நின்றபோது அவர் அந்தத் தாளை வாங்கி மறுபடி மறுபடி படித்தார். அக்கா செத்துப் போயிருந்தால் நான் கொன்றது என்று அவர் நினைத்தார். அந்த வாக்கியத்தில் மட்டும் எதுவும் மறைவாக இல்லை.

கதவம்மா மூன்று தரம் தட்டினார். பிறகு சாவிக்கொத்தில் தேடித் திறந்தார். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் அக்கா தரையில் கிடந்தாள். வலது கால் இருக்கக் கூடாத விதத்தில் மடங்கியிருந்தது. நாற்காலி மெத்தை ஒன்றை இழுத்துத் தலைக்கு வைத்திருந்தாள். தலை கதவைப் பார்த்தபடி. எதிர்ச் சுவரில் கடிகாரம். கண் திறந்திருந்தது. அந்தக் கண் அசைந்தது.

“பன்னெண்டு மணி நேரம்னு தாள் அனுப்பினீங்களேம்மா” என்றாள் கதவம்மாவிடம். குரல் காற்றாக வந்தது. “நேத்து மத்தியானம் மூணு மணிக்கு விழுந்தேன். எண்ணிக்கிட்டே கிடந்தேன்.” அப்புறம்தான் பின்னால் நின்றவரைப் பார்த்தாள். “நீயா?”

ஒற்றைவரி சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தார். இருபத்தோரு மணி நேரத்தில் அந்த வீட்டில் ஓடிய முதல் தண்ணீர். இரண்டு டம்ளர் குடித்துவிட்டு அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மற்ற வீடுகளில் நல்லவேளையாக யாருக்கும் ஒன்றுமில்லை. ஆறு பேர் ஊருக்குப் போயிருந்தார்கள், மற்றவர்கள் ஏன் தொந்தரவு செய்கிறாய் என்று திட்டினார்கள். மேலாளர் விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்தார். ஒற்றைவரி விளக்கம் எழுதினார், இரண்டு பக்கம். அவர் இரண்டு பக்கம் எழுதினார் என்பதுதான் அலுவலகத்தில் பெரிய செய்தியாக இருந்தது.

மூன்றாம் நாள் மாலை மருத்துவமனையில் அக்காவின் காலில் கட்டு, கையில் ஊசிக் குழாய். பக்கத்துக் கட்டில்களைச் சுற்றி ஆட்கள் கூட்டமாக நின்று உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் கட்டில் மட்டும் அமைதியாக இருந்தது.

“என்னடா தப்பு அது? ஒழுங்காச் சொல்லு” என்றாள் அக்கா.

அவர் சொன்னார். எண், பெயர், பூட்டிக்கொள்ளும் வரி, எல்லாம். தட்டுத்தடுமாறித்தான் சொன்னார், ஆனால் எதையும் விடவில்லை. முடிவில், “விடியக்காலை ஆறு மணிக்கே உன் நம்பர் வந்திருக்கணும். ஆறு மணி நேரம் நீ கூடுதலாக் கிடந்தது என்னாலதான்” என்றார்.

அக்கா கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அதாவது, என்னைக்கோ எடுத்த அளவுக்கு இன்னைக்கும் வெட்டிக்கிட்டு இருந்திருக்கே.”

“ஆமாக்கா.”

“நான் சொன்னதையும் அப்படித்தானே வெச்சிருந்தே? முழிக்காதேன்னு அன்னைக்கு ஒருநாள் சொன்னேன். வயிறெரிஞ்சு சொன்னது. நீ அதையே பிடிச்சுக்கிட்டு ஆறு வருஷம் ஓட்டிட்டே. இந்த ஊருக்கு எதுக்குடா வந்தேன்? காலையில எழுந்தவுடனே குழாயத் திறப்பேன். தம்பி பாப்பான்னு.”

“ரெண்டு வருஷம் பாத்தேன்க்கா. அப்புறம் பூட்டிட்டாங்க.”

“பாத்தியா?” அவள் குரல் ஏறியது. “லிட்டர் கணக்குல பாத்தியா? கதவு நாலு ஸ்டாப்ல இருந்துச்சுடா.”

அக்கா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவர் எழுந்து போகவில்லை. அது ஒன்றைத்தான் அவரால் செய்ய முடிந்தது. செவிலி வந்து ஊசிக் குழாயைச் சரிபார்த்துவிட்டுப் போனார். ஜன்னலில் வெயில் இறங்கிவிட்டது.

“நீ ஒண்டியாத்தானே இருக்கே?” என்றாள் அக்கா, சுவரைப் பார்த்தபடியே. “உன் வீடு அந்தப் பட்டியல்ல இருக்கா?”

“இல்ல.”

“ஏன்?”

“படிவம் இழுப்பறையில கிடக்கு.”

“அதான் ஏன்னு கேக்குறேன்.”

வழக்கமாக இந்த இடத்தில் அவர் சும்மாதான் என்று சொல்லியிருப்பார். வாய் அதற்குத்தான் தயாரானது. “யார் பேரை எழுதுறதுன்னு தெரியலக்கா” என்றார். “அந்தக் கட்டம் வரைக்கும் எழுதினேன். அதுக்கு மேல எழுத ஆள் இல்ல. அப்படியே வெச்சுட்டேன்.”

அக்கா திரும்பினாள். அவள் கண்ணோரம் நனைந்து தலையணையில் இறங்கியது. அதைத் துடைக்க அவள் கையை எடுக்கவில்லை.

“நாளைக்கு எடுத்துட்டு வா” என்றாள்.

மறுநாள் கொண்டுவந்தார். மூன்று வருஷக் கத்தரிக்கோல் அதில் துருக் கறையாகப் பதிந்திருந்தது. அக்கா சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் தாளை வைத்துக்கொண்டாள்.

“அக்கான்னு மட்டும் போட்டாப் போதும்க்கா” என்றார் அவர்.

“போதாது” என்றாள் அக்கா. தன் பெயரை முழுசாக எழுதினாள், முதலெழுத்தோடு. வீட்டு முகவரியை எழுதினாள். தொலைபேசி எண்ணை ஒவ்வொரு இலக்கமாக வாய்விட்டுச் சொல்லி எழுதினாள். எழுதி முடித்து, “சரியான்னு பாரு” என்று தாளை அவரிடம் நீட்டினாள். இந்த ஊருக்கு வந்து அவள் வாங்கிய அந்தப் புது எண் அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும்.